நன்றி சொல்லப் போன படகு

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் சுகிர்தா. லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தேவாரம் சொல்லிக்கொடுத்தார். தேவாரம் படிக்க வந்த பெரியவர்கள் மெல்ல மெல்லத் தங்கள் வீட்டுக் கவலைகளையும் கொண்டுவந்தார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவரிடம் பேசிவிட்டுப் போனவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் ரீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு படகு வாங்கி அதிலேயே குடியேறினார். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடுகிற ஒடுக்கமான படகு. நீளம் ஒரு பேருந்தைவிட அதிகம். அகலமோ, உள்ளே நின்று கையை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும். வேகம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள்.

படகின் பெயர் மார்கரெட். முன்பு வைத்திருந்தவர் இட்ட பெயர். தண்ணீரில் இருக்கிற படகுக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. கோயில் ஆட்கள் "மார்கரெட்டில வேப்பிலை கட்டலாமோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

சீடரின் பெயர் குலசேகரம். கடை வைத்து நடத்தியவர். நல்ல மனிதர், மகா அவசரக்காரர். ஒரு காலத்தில் அவருடைய இரண்டு கிட்னியும் பழுதாகிப் போயின. ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருடக்கணக்காய் இருந்தார். அந்த நோய் வந்தவருக்குத் தண்ணீர்தான் எதிரி. அளந்து குடிக்க வேண்டும். கோடை காலத்தில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையக் கூடாதே என்று பிள்ளையாரை வேண்டிக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. செத்துப்போன ஒருவரின் கிட்னி பொருந்தி வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். போனார். பிழைத்தார். "இனி நீங்கள் தண்ணீர் குடிக்கலாம். குடித்தே ஆக வேண்டும்" என்றார் டொக்டர்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. குலசேகரத்தால் குடிக்க முடியவில்லை. கிளாசை வாய்க்குக் கொண்டுபோவார், ஒரு மிடறோடு கை தாழ்ந்துவிடும். டொக்டர் எச்சரித்தார். தண்ணீர் போதவில்லை, இப்படியே இருந்தால் இந்தக் கிட்னியும் கைவிட்டுவிடும் என்றார். மனைவி பரமேஸ்வரி கெஞ்சினார், ஏசினார், அழுதார். கடைசியில் அவரை ரீச்சரிடம் அனுப்பிவைத்தார்.

"ஏன் அண்ணை குடிக்கிறீங்களில்லை?" என்று ரீச்சர் கேட்டார். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்றுதான் சொல்வார்.

"குடிக்கேக்க அந்தப் பிள்ளையின்ர நினைப்பு வருது, ரீச்சர். அவன் குடிக்கவேண்டிய தண்ணி இது."

"பிள்ளையெண்டு எப்பிடித் தெரியும்?"

"சின்ன வயசு ஆம்பிளைப் பிள்ளை எண்டு மட்டும் ஆஸ்பத்திரியில சொன்னவை. பேர் சொல்ல மாட்டினமாம். நன்றி சொல்ல வேணுமெண்டால் பேர் போடாமல் ரெண்டு வரி எழுதித் தரட்டாம், தாங்கள் சேர்ப்பினமாம்."

"எழுதினீங்களோ?"

"ரெண்டு வரியிலயோ ரீச்சர்? உயிருக்கு ரெண்டு வரியோ?"

ரீச்சர் கதிரையை அவர் பக்கம் இழுத்துப்போட்டார்.

"நான் கண்டுபிடிச்சிட்டன்," என்றார் குலசேகரம் மெல்லிய குரலில். "ஒப்பரேசனுக்கு முதல் நாள் விதர்ஃபோர்ட் எண்ட ஊரில ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில அடிபட்டுச் செத்தவன். பேப்பரில கிடந்தது. தெருப் பேரும் கிடந்தது. தாய் அங்கதான் இருக்கிறா. நான் போய் அவவின்ர காலில விழவேணும். விழுந்தால்தான் எனக்குத் தண்ணி இறங்கும். போகலாமோ ரீச்சர்?"

"நானும் அந்தப் பக்கந்தான் போறன். படகில ஏறுங்கோ."

"படகிலயோ? ரெயினில ஒரு மணித்தியாலம்!"

"ரெயினால இறங்கின உடன அவவுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியுமோ?"

குலசேகரம் யோசித்தார். "தெரியாது."

"அப்ப ஆறுதலாப் போவம்," என்றார் ரீச்சர்.

வைகாசி மாதம். கரை முழுக்க வேலிமரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. ஆட்டுக்குட்டிகள் தண்ணீர் விளிம்புவரை வந்து படகைப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஓடின. கல்பாலங்களுக்குக் கீழே போகும்போது ரீச்சர் குனிவார், குலசேகரம் இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்ட பிறகு குனிந்தார். எதிரில் வந்த படகுக்காரர்கள் எல்லோரும் கை காட்டினார்கள். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரன்கூட அவருக்கு அப்படிக் கை காட்டியதில்லை. நல்ல நாட்கள் அவை. குலசேகரத்துக்குத்தான் அதில் மனம் செல்லவில்லை.

ரீச்சர் காலையும் மாலையும் ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் பக்கத்தில் வைப்பார். குடியுங்கோ என்று சொல்லமாட்டார். குலசேகரம் ஒரு மிடறு குடித்துவிட்டு, ரீச்சர் அந்தப் பக்கம் திரும்பும்போது, படகின் கூரையில் இருந்த பூச்சாடியில் மிச்சத்தை ஊற்றிவிடுவார். பூச்செடி கிடுகிடுவென்று தழைத்தது. ஒரு காலையில் சாடிக்குள் சேறு நின்றது.

"செடிக்கு இனிக் காணும், அண்ணை," என்றார் ரீச்சர்.

குலசேகரத்துக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

அன்று மத்தியானம் ஒரு லொக் வந்தது. லொக் என்றால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கட்டிய ஒரு கல்தொட்டி, இரண்டு முனையிலும் மரக்கதவு. பள்ளத்தில் வருகிற படகு, தொட்டியை வெறுமையாக்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு மேலே இருந்து தண்ணீரை விட்டால் படகு தானாக உயர்ந்து மேட்டுக்கு வந்துவிடும். மேலிருந்து கீழே வருகிறவர்களுக்கு இதே வேலை தலைகீழ்.

அதில் எழுதாத ஒரு முறை உண்டு. தொட்டி நிரம்பியிருந்தால், கீழே நிற்கிறவர் முதலில் ஏறிப்போய் மேலே படகு ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அதற்கு வழிவிட வேண்டும். நிரம்பிய தொட்டி மேலிருந்து வருகிறவருக்குத்தான் சொந்தம். அதை வெறுமையாக்கிவிட்டால் அவர் காத்து நிற்கவேண்டும், ஒரு தொட்டித் தண்ணீரும் வீண்.

ரீச்சர் படகைக் கரையில் கட்டுவதற்குள் குலசேகரம் மதகைத் திறக்கிற இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தொட்டி நிரம்பியிருந்தது. மேலே பார்க்கவில்லை. கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். தண்ணீர் இரைந்துகொண்டு கீழே பாய்ந்தது. அது முழுக்க வடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மேலே ஒரு நீலப் படகு நின்றது. அதன் சொந்தக்காரர், தொப்பி போட்ட ஒரு கிழவர், படகின் கயிற்றைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றார். தனி ஆள்.

"ஐயோ," என்றார் குலசேகரம்.

"பரவாயில்லை. நீங்கள் முதலில் மேலே வாருங்கள்," என்றார் கிழவர்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் குலசேகரத்தின் மன்னிப்பு அப்படிச் சுருக்கமாக முடிகிற சாதி இல்லை. ஓடிப்போய்க் கிழவரின் ஒரு கையைப் பிடித்தார். போதவில்லை என்று மற்றக் கையையும் பிடித்தார். தான் அவசரக்காரன் என்றார். ஏன் அவசரம் என்பதைச் சொன்னார். கிட்னியைச் சொன்னார், செத்த பிள்ளையைச் சொன்னார், அந்தத் தாயைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினார். கிழவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் என்ன செய்வார், பாவம்? இரண்டு கையும் குலசேகரத்தின் கைக்குள் இருந்தன.

கயிறு எப்போது விழுந்தது என்று இருவருக்கும் தெரியாது. காற்று நீலப் படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரை நாணலுக்குள் செருகிவிட்டது. அடி சேற்றில் தட்டி நின்றது.

ரீச்சர் தனியாகவே கதவைத் திறந்து, மார்கரெட்டை உள்ளே விட்டு, கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பி மேலே வந்து சேர்ந்தார். வந்து கிழவரையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், நீலப் படகில் கயிறு கட்டி இழுத்தார். மூன்று பேரும் தடி போட்டுத் தள்ளினார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு அது அசைந்தது. எல்லோருடைய காலும் சேறு.

கிழவர் போகும்போது குலசேகரத்தின் தோளில் தட்டினார். "உங்கள் மனம் எனக்குப் புரிகிறது ஐயா. ஆனால் என் கை எனக்குத் தேவைப்பட்டது," என்றார்.

படகு கிளம்பிய பிறகு குலசேகரம் காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

"பிழை விட்டிட்டன் ரீச்சர்."

"எது பிழை?"

"பாக்காமல் தண்ணியைத் திறந்தது."

"அதால அந்தாளுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரந்தான் போச்சு."

குலசேகரம் நிமிர்ந்து பார்த்தார். ரீச்சர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இன்னொரு லொக்கில், கரையோரம் காய்கறிப் பையோடு நடந்துவந்த ஒரு பெண், பையைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்காகக் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு மூடியதும் பையை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் ஏறிப் போய்விட்டாள். குலசேகரம் கூப்பிட்டு நன்றி சொல்வதற்குள் ஆளைக் காணவில்லை.

"பாருங்கோ ரீச்சர், போயிட்டா. நன்றி சொல்லேல்லை நான்."

"கதவு சாத்தினதோ?"

"ஓம், சாத்தினது."

"அப்ப தண்ணியைத் திறவுங்கோ," என்றார் ரீச்சர்.

விதர்ஃபோர்ட் பழைய ஊர். தேவாலயத்தின் கோபுரம் வயல்களுக்கு அப்பாலிருந்தே தெரிந்தது. கறுப்பு மரச்சட்டம் போட்ட சாய்ந்த வீடுகள், கல் பாவிய சந்தை முற்றம், வாத்துகள் உட்கார்ந்திருந்த படித்துறை. அன்று மாலை அங்கே படகைக் கட்டினார்கள். குலசேகரம் ரீச்சர் வைத்த தண்ணீரை ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. பூச்செடிக்கும் ஊற்றவில்லை. கிளாஸ் அப்படியே இருந்தது.

காலையில் எழும்பி முழுகினார். வெள்ளைச் சட்டை போட்டார். விபூதி பூசினார். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நீளமான பேச்சு. நடுவில் அழுகை வருகிற இடம்கூட அவருக்குத் தெரியும்.

"நான் போகவோ ரீச்சர்?"

"போறதுக்குத்தானே வந்தனீங்கள்."

"நீங்களும் வாங்கோவன்."

"இல்லை அண்ணை."

"ஏதாவது சொல்லுங்கோ."

"வாய் திறக்க முதல் அவவின்ர கையைப் பாருங்கோ. கையில என்ன வைச்சிருக்கிறா எண்டு பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

அந்தத் தெரு சிறியது. இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாய் விரித்த அளவு தோட்டம். குலசேகரம் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு வீட்டின் பக்கச் சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அவருக்குக் கால் நின்றுவிட்டது. இதுதான் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. எந்தக் கதவைத் தட்டுவது, எப்படித் தட்டுவது என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்க, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. வீட்டுப் பின்புறமிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து வீட்டு ஆளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர், வாசற் படலையருகே நின்ற குலசேகரத்தைப் பார்த்தார்.

"யாரையாவது தேடுகிறீர்களா?"

குலசேகரத்துக்குப் பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. முதல் சொல் நாக்கில் இருந்தது. அப்போதுதான் ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. கையைப் பார்த்தார்.

இரண்டு கையிலும் இரண்டு தட்டு. தட்டு முழுக்கப் பயற்றங்கன்றுகள், இப்போதுதான் முளைத்து இரண்டிரண்டு இலை விட்டவை. நகமெல்லாம் மண். ஒரு பெருவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. தட்டு சாய்ந்துவிடாமல் அந்த விரலால் அணைத்துப் பிடித்திருந்தார். பின்னால் தோட்டத்தில் மண் கொத்தி வரி போட்டுக் கிடந்தது. கன்றுகளை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

குலசேகரம் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை அம்மா," என்றார் குலசேகரம். "குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

அந்தப் பெண் தட்டுகளைப் பக்குவமாக மதிலில் வைத்தார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பெரிய கிளாஸ் ஒன்றில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வெளிப்புறம் நனைந்திருந்தது, அவருடைய விரலில் இருந்த மண் கொஞ்சம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

குலசேகரம் இரண்டு கையாலும் வாங்கினார். குடித்தார். முதல் மிடறு வழக்கம்போல் நின்றது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்ட ஒருவர் குடிப்பதை எல்லோரும் பார்ப்பதுபோல்தான் பார்த்தார், வேறு ஒன்றும் அந்தப் பார்வையில் இல்லை. இரண்டாவது மிடறு இறங்கியது. பிறகு அவர் நிறுத்தவில்லை. குளிர்ந்த தண்ணீர் தொண்டையைக் கடந்து நெஞ்சைக் கடந்து வயிறு வரைக்கும் போவது தெரிந்தது. எத்தனை வருடமாயிற்று இப்படிக் குடித்து! கிளாஸ் காலியானது.

"நல்ல தாகம் போலிருக்கிறது. இன்னும் கொண்டுவரட்டுமா?"

"கொண்டுவாருங்கள்."

இரண்டாவது கிளாசையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "நன்றி அம்மா," என்றார். ஒரே ஒரு தரம் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறிய நன்றி அதுதான்.

"தண்ணீர்தானே," என்று சிரித்தார் அந்தப் பெண். கிளாசை வாங்கி மதிலில் வைத்துவிட்டுக் கன்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினார்.

குலசேகரம் படித்துறைக்கு வந்தபோது ரீச்சர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்களோ அண்ணை?"

"சொன்னனான்."

"எதுக்கு?"

"தண்ணிக்கு."

ரீச்சர் தலையசைத்தார். குலசேகரம் தானே கயிற்றை அவிழ்த்தார், தானே படகைக் கரையிலிருந்து தள்ளினார். படகு சந்தை முற்றத்தைத் தாண்டியது, பாலத்துக்குக் கீழே புகுந்து வெளியே வந்தது. இரு கரையிலும் புல் நெஞ்சளவு நின்றது. ஒரு அன்னம் ஏழெட்டுக் குஞ்சுகளோடு வழிவிட்டது. குலசேகரம் அதைப் பார்த்துச் சிரித்தார். பரமேஸ்வரி பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

ஊர் கண்ணுக்கு மறைந்த பிறகு அவர் முகம் மெல்ல மாறியது.

"ரீச்சர்."

"ம்."

"பேப்பரில தெருப் பேர் மட்டுந்தான் கிடந்தது. வீட்டு நம்பர் கிடக்கேல்லை. மோட்டார் சைக்கிளைக் கண்டு நானாத்தான் நினைச்சனான்."

ரீச்சர் சுக்கானைச் சற்றுத் திருப்பினார்.

"மோட்டார் சைக்கிள் எத்தினை வீட்டில நிக்கும். அதுவுமில்லாமல், பேப்பரில வந்த பெடியன்ர கிட்னிதான் எனக்கு வந்ததெண்டு ஆர் சொன்னது? நான்தானே சொன்னனான்." அவர் எழும்பி ரீச்சர் பக்கம் வந்தார். "அவ அந்தப் பிள்ளையின்ர தாய் இல்லையெண்டால், ரீச்சர்?"

"தந்த தண்ணியைக் குடிச்சு முடிச்சனீங்களோ?"

"ரெண்டு கிளாசும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கேல்லை."

"அப்ப அவதான்," என்றார் ரீச்சர்.